சுவரைத் தாண்டி வந்த இருமல்

குரல் இருந்த காலத்தில் நான் ஒரு கடிதம்கூட ஒழுங்காக எழுதியதில்லை. எதற்கு எழுத வேண்டும்? ரோட்டு முனையில் நின்று ஒரு சத்தம் போட்டால் மலை உச்சியில் கொழுந்து பறிக்கும் பெண்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகும் பஸ் பாதையில் எங்கள் தேயிலைத் தோட்டம். அங்கே நான் கங்காணி. கங்காணி என்றால் காலையில் பெண்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்து, பொழுது சாயும்வரை அவர்களை ஏசி, அவர்களிடம் ஏச்சும் வாங்குகிறவன். அருள்நாதன் என்று அப்பா வைத்த பெயர் சர்ச்சில் மட்டும்தான் செல்லும். தோட்டத்தில் எனக்குப் பெயர் வெண்கலக் கங்காணி.

இப்போது அந்தக் குரல் இருந்த இடத்தில், கழுத்தின் நடுவே, ஒரு துளை இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். ஆஸ்பத்திரி என்றாலே நடுங்குகிறவர்களுக்கு அங்கே என்னதான் நடக்கிறது என்று சொல்ல வேண்டும். புஷ்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். புஷ்பம் என் மனைவி. இந்தக் கதையில் நான்தான் நோயாளி என்று நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் எங்கள் லயம். நீளமான ஒரே தகரக் கூரை, அதன் கீழே வரிசையாகக் காம்பராக்கள், ஒரு குடும்பத்துக்கு ஒன்று. இரண்டு காம்பராக்களுக்கு நடுவே இருக்கும் சுவர் கூரை வரைக்கும் போகாது. கட்டின வெள்ளைக்காரன் கல்லை மிச்சம் பிடித்துவிட்டான். யார் வீட்டில் கருவாடு, யார் வீட்டில் சண்டை, எல்லாம் அந்த இடைவெளியில் ஏறி வந்துவிடும். பக்கத்துக் காம்பரா சேகர் தூக்கத்தில் உளறியதைக் கேட்டு மறுநாள் காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் வைத்து அவனைக் கேலி செய்திருக்கிறேன். சேகர் தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்கிறவன். என்னை விடச் சின்னவன், அண்ணே அண்ணே என்று உயிரை விடுவான்.

கொரோனா வந்தபோது நாங்கள் முதலில் பயந்தது நோய்க்கு அல்ல. யாருக்காவது காய்ச்சல் இருமல் என்று தெரிந்தால் சுகாதாரப் பரிசோதகர் வருவார். பீ.எச்.ஐ ஐயா என்போம். ஆளை வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு, லயத்தின் இரண்டு பக்கமும் நாடா கட்டி, சிவப்பு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போவார். அப்புறம் ஒருவரும் மலைக்குப் போக முடியாது. மலைக்குப் போகாவிட்டால் பேர் விழாது. பேர் என்றால் எங்கள் பேச்சில் ஒரு நாள் சம்பளம். மேல் லயத்தில் ஒரு பிள்ளைக்கு இருமல் என்று யாரோ சொல்லிவிட, முழு லயமும் அடைபட்டுக் கிடந்தது. அது வெறும் சளி. நாடாவை அவிழ்த்த பிறகும் அந்தப் பிள்ளையின் அம்மாவோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதைப் பார்த்த பிறகு எங்கள் லயம் இருமுவதை நிறுத்தியது.

எங்கள் குளிர் எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்களுக்கு இது புரியும். விறகுப் புகை, பனி, வெற்றிலை, பீடி, இவ்வளவும் சேர்ந்த ஒரு லயத்தில் விடியற்காலையில் இருமலும் காறலும் அடுப்பு ஊதுவதும்தான் முதல் சத்தம். அந்த வருடம் அது இல்லை. ஒவ்வொருவரிடமும் ஒரு தந்திரம் இருந்தது. கடைசிக் காம்பரா அக்கா இருமல் வந்தால் வாளியில் தண்ணீர் ஊற்றுவாள். ஒருவர் நாயை ஏசுவார். சேகர் டிவி சத்தத்தைக் கூட்டுவான். மற்றவர்களுக்குத் தலையணை. விடிகிற நேரத்தில் தகரத்திலிருந்து பனி சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும். இத்தனை பேரும் விழித்துத்தான் கிடக்கிறார்கள், வாயைப் பொத்திக்கொண்டு கிடக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். பிணம் கிடக்கிற வீட்டில்கூட அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை.

என் தொண்டை அப்போதே கட்டியிருந்தது. முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு, தள்ளித் தள்ளி நிற்கிற பெண்களைக் கத்திக் கத்தி வேலை வாங்கியதில் கட்டிவிட்டது என்று நினைத்தேன். எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். "கங்காணிக்குச் சத்தம் போச்சு, இனி நிம்மதி" என்று பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் இருமல் சேர்ந்துகொண்டது. வறண்ட இருமல், உள்ளே யாரோ கரண்டியால் சுரண்டுகிற மாதிரி.

விடியற்காலையில்தான் அது வரும். சுவர்ப் பக்கம் தலையணையில் முகத்தை அமுக்கி இருமுவேன். அப்போதெல்லாம் புஷ்பம் பின்னாலிருந்து என்னைக் கட்டிக்கொண்டு, முகத்தை என் முதுகில் புதைத்துக்கொள்வாள். அவள் உடம்பு குலுங்கும். அழுகிறாள் என்று நினைப்பேன். இருமல் அடங்கியதும் திரும்பி, "அழுவாதடி, எனக்கு ஒன்னும் ஆவாது" என்பேன். அவள் எழுந்து அடுப்பு மூட்டப் போய்விடுவாள். கல்யாணமாகி இத்தனை வருடத்துக்குப் பிறகு இவளுக்கு என் மேல் இவ்வளவு பாசமா என்று எனக்கு உள்ளூரப் பெருமையாகவும் இருந்தது.

தோட்டத்து டிஸ்பென்சரியில் அந்த நாட்களில் மருந்து ஜன்னல் வழியாகத்தான். வாயைத் திறக்கச் சொல்ல மருந்துக்கார ஐயாவுக்குப் பயம், திறக்க எனக்குப் பயம். "தொண்டை கட்டு" என்றேன். இனிப்பான பாணி மருந்து ஒரு போத்தல் வந்தது. முடிந்ததும் இன்னொன்று வந்தது. சாப்பாடு விழுங்க முடியாமல் கஞ்சிக்கு வந்து, கஞ்சியும் இறங்காமல் ஆன பிறகுதான் ஒரு நாள் புஷ்பம் தலையணை உறையைத் துவைக்க எடுத்து, அதிலிருந்த இரத்தத்தை என் முன்னால் விரித்துக் காட்டினாள்.

"பீ.எச்.ஐ வந்தா வரட்டும். லயத்தையே மூடுனாலும் மூடட்டும். நீங்க கெளம்புங்க" என்றாள்.

அவளுடைய காதுத் தோட்டைக் கொடுத்துத்தான் வேன் பிடித்தோம். போலீஸ் பாஸ் வாங்கிக்கொண்டு கண்டிப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். ஹட்டன் டவுனில் ஒரு கடை திறந்திருக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் நாய்கள் நடு ரோட்டில் படுத்திருந்தன. வட்டவளையில் ரயில் பாதை தெரிந்தது, ஓடாத தண்டவாளம் துருப்பிடித்துச் சிவந்து கிடந்தது. வழி நெடுகத் தேயிலை மட்டும் வழக்கம்போலத் துளிர்த்திருந்தது. ஊரில் மனிதர்களே இல்லாமல் போனாலும் இது பாட்டுக்குத் துளிர்க்கும் என்று எனக்குத் தோன்றியது. அந்த எண்ணம் பிடிக்காமல் கண்ணை மூடிக்கொண்டேன்.

கிளினிக்கில் ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலியில் சிவப்பு நாடாவால் குறுக்கே ஒட்டியிருந்தார்கள். ஒட்டாத நாற்காலிகளும் பாதிக்கு மேல் காலி. தலையிலிருந்து கால்வரை பிளாஸ்டிக் உடை போட்ட நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி வாசலில் நின்று பெயர் கூப்பிட்டாள். ஒரு பெயர், பதில் இல்லை. மறுபடியும் அதே பெயர், பதில் இல்லை. அடுத்த பெயர். சிங்களப் பெயர், தமிழ்ப் பெயர், முஸ்லிம் பெயர், எல்லாவற்றையும் கூப்பிட்டாள். அந்த நாடா ஒட்டிய நாற்காலிகளைப் பார்த்துக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. புஷ்பம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவங்கள்லாம் எங்கே போனாங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அதற்குப் பதில் சொன்னவர் டாக்டரம்மா. யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணாடிக்கு மேலே இன்னொரு பிளாஸ்டிக் கண்ணாடி போட்டிருந்தார். மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை விட்டு, அதன் நுனியில் இருக்கும் கேமராவால் தொண்டைக்குள்ளே பார்த்தார். வலி இல்லை, குமட்டல்தான். மூக்கால் மூச்சு விடச் சொல்வார்கள், விட்டால் சீக்கிரம் முடிந்துவிடும். குழாயை எடுத்துத் துடைத்து வைத்தார்.

"எத்தினை மாசமாக் குரல் இப்பிடி?" என்று கேட்டார்.

நான் சொன்னேன்.

"ஏன் அப்பவே வரேல்லை?"

"கொரோனா அம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல?

"எல்லாரும் அதைத்தான் சொல்லீனம்" என்றார். "இந்தக் கிளினிக்கிலை ஆக்கள் குறைஞ்சிட்டீனம். வருத்தம் குறையேல்லை. ஆக்கள்தான் குறைஞ்சிட்டீனம். வராத ஆக்களுக்கு வருத்தம் வளந்துகொண்டுதான் இருக்கும். பிறகு ஒருநாள் எல்லாரும் ஒண்டா வருவீனம்." வருத்தம் என்று அவர் சொன்னது நோயை.

தொண்டையிலிருந்து கடுகளவு சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அதற்கு பயாப்சி என்று பெயர். ஸ்கேன் எடுத்தார்கள். வாட்டில் சேர்ப்பதற்கு முன்னால் மூக்கில் குச்சி விட்டு கொரோனா பார்த்தார்கள். எனக்குக் கொரோனா இல்லை. நாங்கள் அத்தனை பாடுபட்டு ஒளித்தது இல்லாத ஒன்றை. எனக்கு இருந்தது குரல்வளையில் புற்றுநோய். முதலிலேயே வந்திருந்தால் கதிர் சிகிச்சையோடு முடித்துக் குரலைக் காப்பாற்றியிருக்கலாம், இப்போது குரல்வளையை முழுதாக எடுத்தால்தான் உயிர் என்று டாக்டரம்மா சொன்னார். சிரிக்காமல், ஏசாமல், மேசையில் படம் போட்டுக் காட்டிச் சொன்னார்.

"இனி நீங்கள் கழுத்தாலைதான் மூச்சு விடுவியள். வாயாலை சாப்பிடலாம். ஆனா பேச்சு வராது. தும்மல், இருமல் எல்லாம் கழுத்தாலைதான்."

புஷ்பம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உயிரு மிஞ்சுமா அம்மா?" என்று மட்டும் கேட்டாள். "மிஞ்சும் எண்டுதான் செய்யிறம்" என்றார். ஆபரேஷனுக்கு முதல் நாள் நான் அவளிடம் என்ன பேசினேன் என்று கேட்காதீர்கள். கடைசிக் குரல் என்று தெரிந்தும், வீட்டுக் கோழியை மறக்காமல் அடைக்கச் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது.

கண் விழித்தபோது மூக்கில் சாப்பாட்டுக் குழாய், கழுத்தில் மூச்சுக் குழாய். சளி அடைத்தால் மிஸ்ஸி வந்து உறிஞ்சும் குழாயை உள்ளே விடுவாள். அந்த ஒரு நிமிடம் தண்ணீரில் முங்கிச் சாகிற மாதிரி இருக்கும், உடனே சரியாகிவிடும். வலியை விட என்னை ஆட்டிப் படைத்தது அந்த வாட்டின் அமைதி. அங்கே இருந்த ஆண்கள் எல்லாருக்கும் கழுத்தில் துளை. ஒருவருக்கும் குரல் இல்லை. கழுத்துகளிலிருந்து காற்று வந்து போகிற சத்தம் மட்டும், கதவு இடுக்கில் காற்று ஊதுகிற மாதிரி, எல்லாக் கட்டிலிலிருந்தும் கேட்டுக்கொண்டே இருக்கும். பார்வையாளர் யாரையும் விடவில்லை. கோபத்தில் வாயைத் திறந்து கத்தினேன். ஒன்றும் வரவில்லை. எதிர்க் கட்டிலில் இருந்தவரும் என்னைப் பார்த்து வாயைத் திறந்து காட்டினார்.

அவர் பெயர் பண்டா. வயல் செய்கிற சிங்கள மனிதர். பேச்சு இருந்தால் என் அரைகுறைச் சிங்களத்தை வைத்துத் தடுமாறியிருப்பேன். பேச்சு இல்லாததால் நன்றாகப் பழகினோம். கட்டில் கம்பியில் கரண்டியால் தட்டுவார், நான் டம்ளரால் திருப்பித் தட்டுவேன். இருக்கிறாயா, இருக்கிறேன். அவ்வளவுதான் பேச்சு. வாட்டில் எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். விளக்கணைத்த பிறகு ஒரு மூலையில் தொடங்கி மறு மூலைவரை தட்டிக்கொண்டு போகும். ஒரு காலையில் நான் தட்டினேன், பதில் வரவில்லை. எழுந்து பார்த்தால் எதிர்க் கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். அவருடைய கரண்டி மட்டும் மேசையில் இருந்தது. தினமும் டிவியில் கொரோனாவால் செத்தவர்களை எண்ணிச் சொன்னார்கள். பண்டா அதில் இல்லை.

காயம் ஆறிய பிறகு கதிர் சிகிச்சைக்காக அங்கேயே வைத்துக்கொண்டார்கள். கரண்ட் வைக்கிறது என்று எங்கள் ஆட்கள் சொல்லிப் பயப்படுவது இதைத்தான். கரண்டும் இல்லை, நெருப்பும் இல்லை. முகத்துக்கு அளவாகச் செய்த முகமூடியைப் போட்டு மேசையில் படுக்க வைத்துவிட்டு எல்லாரும் வெளியே போய்விடுவார்கள். யந்திரம் முனகும், முடிந்துவிடும். நாள் போகப் போகக் கழுத்துத் தோல் வெயிலில் காய்ந்த மாதிரி கறுக்கும், எச்சில் வற்றும். தாங்கலாம். புஷ்பம் தன் பழைய சேலைகளைக் கிழித்து, துளையை மூடுகிற சின்னச் சின்னத் துணிகளாகத் தைத்து, மரக்கறி லொறிக்காரரிடம் கொடுத்து அனுப்பினாள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு பூ. அவள் பெயரைப் போட வெட்கப்பட்டுப் பூவைப் போட்டிருந்தாள். மிஸ்ஸிகள் என்னைக் கேலி செய்து தீர்த்தார்கள்.

அந்த நாட்களில்தான் கொழும்பில் கடையில் வேலை செய்கிற எங்கள் மகள் ரோசி எனக்கு ஃபோன் எடுத்தாள். நான் பேச முடியாது, அவள் பேசுவாள், நான் ஃபோனைத் தட்டுவேன்.

"அப்பா, லயத்துல எல்லாரும் பயந்து கெடக்காங்களாம். விடியக்காலையில நம்ம காம்பராவுல நீங்க இருமுற சத்தம் கேக்குதாம். சேகர் மாமாதான் சொன்னாரு. அம்மாகிட்ட கேட்டா, 'எனக்கும்தான் கேக்குது'ங்கிறாங்க. வாசல்ல வேப்பிலை கட்டியிருக்காங்களாம். உபதேசியாரு வந்து ஜெபம் பண்ணிட்டுப் போனாராம். அப்பா, நீங்க நல்லா இருக்கீங்கதானே?"

நான் ஒரு தட்டுத் தட்டினேன். உயிரோடு இருக்கிறவனின் இருமல் அவன் இல்லாத வீட்டில் கேட்டால் என்ன அர்த்தம்? அன்று யந்திரத்தின் கீழே படுத்தபோது, செத்துப்போனது எனக்குத்தான் தெரியவில்லையோ என்றுகூட ஓர் எண்ணம் வந்தது.

சாகவில்லை. வீட்டுக்கு அனுப்பினார்கள். சேகர்தான் ரோட்டுக்கு வந்து என்னைக் கைத்தாங்கலாக லயத்துக்குக் கூட்டிப் போனான். புஷ்பம் மெலிந்து பாதியாக இருந்தாள். என்னைப் பற்றிய கவலை என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். ஒரு சிலேட் வாங்கி வைத்திருந்தாள். அவசரமாகக் கூப்பிட வேண்டுமானால் நான் டம்ளரால் சுவரைத் தட்டுவேன், அவள் அடுப்படியிலிருந்து, "வாறேன், வாறேன், சுவரு இடிஞ்சிரப் போவுது" என்று கத்திக்கொண்டு வருவாள். மாத்திரைகள் பலமானவை. படுத்தால் விடிந்து வெயில் வந்த பிறகுதான் கண் விழிப்பேன்.

சில நாள் கழித்து சேகர் வாசலில் வந்து உட்கார்ந்தான். முகம் தெளிந்திருந்தது.

"அண்ணே, இப்பத்தான் எங்களுக்கு உசுரு வந்திச்சு. நீங்க இல்லாதப்ப அந்தச் சத்தம் கேட்டு என் பொஞ்சாதி தூங்கவே இல்ல. இப்ப நீங்க வந்திட்டீங்க, நீங்கதான் இருமுறீங்கன்னு தெரியும், பயமில்ல. ஆனாலும் ஆப்பரேசன் பண்ணியும் அந்த இருமல் விடலியே அண்ணே. இன்னைக்கு விடியக்காலையிலகூட ரொம்ப நேரம் இருமுனீங்க."

நான் அவனையே பார்த்தேன். பிறகு கழுத்துத் துணியை விலக்கி, அவனுக்கு முன்னாலேயே இருமிக் காட்டினேன். சைக்கிள் டியூபிலிருந்து காற்று போகிற மாதிரி ஒரு புஸ். அவ்வளவுதான். குரல்வளை இல்லாதவனுக்கு இருமலிலும் குரல் இருக்காது. சேகரின் வாய் திறந்தது. அவன் மெதுவாகத் திரும்பி, எங்கள் காம்பராவின் இருட்டுக்குள்ளே பார்த்தான். அவன் பேயைத் தேடினான். எனக்கு விளங்கிவிட்டது. அந்தக் காம்பராவில் என்னைத் தவிர இருந்தது ஓர் ஆள்தான்.

அவன் போன பிறகு சிலேட்டில் எழுதி அவள் முன்னால் நீட்டினேன். 'எவ்வளவு நாளா?'

புஷ்பம் எழுத்துக் கூட்டிப் படித்தாள். சட்டியைக் கழுவுவதை நிறுத்தவில்லை.

"ஒங்களுக்கு ஆரம்பிச்சப்பவே எனக்கும் ஆரம்பிச்சிருச்சு" என்றாள். "ஒரு காம்பராவுல ரெண்டு இருமல் கேட்டா கொரோனான்னு முடிவு பண்ணிருவாங்க. ஒன்னுன்னா கங்காணிக்குத் தொண்டை கட்டுன்னு விட்டுருவாங்க. அதான் நீங்க இருமுறப்பவே நானும் இருமிக்கிட்டேன். ஒங்க முதுகுல."

நான் அழுகை என்று நினைத்தது அதுதான். என் முதுகில் முகத்தைப் புதைத்து, என் இருமல் தொடங்கும்வரை தன்னுடையதை அடக்கி வைத்திருந்து, எனக்குக் கீழே ஒளித்து இருமியிருக்கிறாள். அத்தனை காலையும் பழகிப் பழகி அவள் இருமல் என் இருமலைப் போலவே ஆகியிருக்கிறது. நான் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு ஒளிக்க முதுகு இல்லை.

'பேய் என்று ஏன் சொன்னாய்?' என்று எழுதினேன்.

"நான் சொல்லல. அவங்களாச் சொன்னாங்க. நான் ஆமான்னேன்." லேசாகச் சிரித்தாள். "பேய்னா பீ.எச்.ஐ வரமாட்டாருல்ல. ஒரு வீட்டுக்கு ஒரு நோயாளி போதும். நீங்க முடிச்சிட்டு வாங்கன்னுதான் இருந்தேன்."

சிலேட்டைத் தூக்கி எறிந்தேன். அது உடையவில்லை, மூலையில் போய் விழுந்தது. ஏசத் தெரிந்த அத்தனை வார்த்தையும் நெஞ்சில் முட்டிக்கொண்டு நின்றது. கழுத்திலிருந்து புஸ் புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. அவள் எழுந்து வந்து, கையைச் சேலையில் துடைத்துவிட்டு, என் கழுத்துத் துணியைச் சரிசெய்தாள்.

மறுநாளே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் சளிப் பரிசோதனை, காசநோயா என்று பார்க்க. காசநோய்க்கு மருந்து இருக்கிறது, குணமாகிவிடும். காசநோயாக இருக்கட்டும் என்று நான் முழங்காலில் நின்று ஜெபித்தேன். இப்படி ஒரு வரம் கேட்டவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அது இல்லை என்று வந்தது. எக்ஸ்ரேயில் நெஞ்சின் வலப் பக்கம் வெள்ளையாக ஒரு கட்டி தெரிந்தது. பீடியைத் தொடாதவள். அடுப்புப் புகையாலும் வரலாம், ஒன்றும் இல்லாமலும் வரலாம் என்றார்கள். நுரையீரலில் தொடங்கிய புற்றுநோய் முதுகெலும்பில் ஏறியிருந்தது.

இந்த முறை அந்தக் கிளினிக்கில் சிவப்பு நாடாவை உரித்திருந்தார்கள். ஒரு நாற்காலியும் காலி இல்லை. சுவரோரம் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள், படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். கழுத்தில் வீக்கம், மார்பில் புண், வயிற்றில் நீர். மிஸ்ஸி கூப்பிட்ட ஒவ்வொரு பெயருக்கும் ஒருவர் எழுந்து நின்றார். பெயர் கூப்பிட்டும் யாரும் வராத அந்தப் பழைய காலைதான் எனக்கு ஞாபகம் வந்தது. இவர்கள் எல்லாரும் அப்போது எங்கோ ஒரு சுவருக்குள் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறார்கள். நடைபாதையில் டாக்டரம்மா என்னை அடையாளம் கண்டு நின்றார். புஷ்பத்தின் படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"போன வருசம் நீங்கள் வந்தனீங்கள் எல்லோ," என்றார் அவளிடம். "இவரோடை இதே இடத்திலை இருந்தனீங்கள். அண்டைக்கே என்னட்டைச் சொல்லியிருந்தா..." முடிக்கவில்லை. அவருடைய கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

"அன்னைக்கு அவருக்குப் பாக்க வந்தோம்மா" என்றாள் புஷ்பம்.

மருந்து ஏற்றினார்கள். முதுகு வலிக்குக் கதிர் வைத்தார்கள். குணமாக்க அல்ல, வலியைக் குறைக்க. அதையும் ஒளிக்காமல் சொன்னார்கள், அதற்காக அவர்களுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். ரோசி வேலையை விட்டுவிட்டு வந்து அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். கடைசி நாட்களில் புஷ்பம் யாருக்கும் ஒளிக்காமல் இருமினாள். லயம் முழுக்கக் கேட்டது. சேகரின் மனைவி சுவருக்கு அந்தப் பக்கம் அழுதது எங்களுக்குக் கேட்டது. விடியற்காலையில் நான் புஷ்பத்தின் பக்கமாக முதுகைத் திருப்பிக் கொடுப்பேன். அவள் முகத்தைப் பதித்துக்கொள்வாள், பழைய பழக்கம். ஒரு காலையில் அவள் மூச்சின் சூடு என் முதுகில் இல்லை. திரும்பிப் பார்க்க எனக்கு நிறைய நேரம் ஆயிற்று.

தேயிலைக்கு மேலே இருக்கிற எங்கள் கல்லறைத் தோட்டத்தில் அவளை வைத்தோம். அந்த இரண்டு வருடத்தில் அங்கே புதுக் குழிகள் நிறைய. அதில் ஒன்றுகூடக் கொரோனாக் கணக்கில் இல்லை.

நாடாவும் நோட்டீஸும் போய்விட்டன. முகக்கவசம் போய்விட்டது. வட்டவளையில் ரயில் ஓடுகிறது. பெண்கள் மலையில் வழக்கம்போலச் சத்தமாகப் பேசிச் சிரிக்கிறார்கள். பீ.எச்.ஐ ஐயா டெங்குக்கு மட்டும்தான் வருகிறார். ஆனாலும் எங்கள் லயத்தில் விடியற்காலை அமைதி முழுதாக விடவில்லை. அடக்கப் பழகியவர்கள் அடக்கிக்கொண்டே இருக்கிறார்கள், ஏன் அடக்குகிறோம் என்று மறந்த பிறகும்.

போன வாரம் ஒரு நாள் விடிகிற நேரம். பனி சொட்டிக்கொண்டிருந்தது. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். சுவருக்கு மேலே இருக்கிற இடைவெளியில் ஒரு சத்தம் வந்தது. தலையணையில் அமுக்கின இருமல். வறண்டது, சுரண்டுகிற மாதிரி. முதலில் புஷ்பம் என்றே நினைத்துவிட்டேன். அடுத்த நொடி சேகர் வீட்டு டிவி சத்தம் கூடியது.

எழுந்து உட்கார்ந்தேன். டம்ளரை எடுத்துச் சுவரைத் தட்டினேன். டிவி சத்தம் இன்னும் கூடியது. நான் பலமாகத் தட்டினேன். சுண்ணாம்பு உதிர்ந்தது. கடைசிக் காம்பராவரை பிள்ளைகள் எழுந்து அழுதார்கள், யாரோ விளக்கைப் போட்டார்கள், யாரோ என்னை ஏசினார்கள். வெண்கலக் கங்காணியின் சத்தம் அவ்வளவு பேரை எழுப்பி ரொம்ப நாளாயிற்று.

டிவி நின்றது.

"என்னண்ணே?" என்றான் சேகர், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "ஒன்னும் இல்லண்ணே. சும்மா பீடிப் பொகை."

நான் நிறுத்தவில்லை. தட்டினேன். அவன் ஏதோ சொல்லத் தொடங்கி நிறுத்தினான். நான் தட்டிக்கொண்டே இருந்தேன். லயம் முழுக்க ஒரு சத்தமும் இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்புறம் சேகர் வாய்விட்டு இருமினான்.